எந்தக் காஞ்சிபுரம், சார்?

"முப்பத்தொன்பது பர்சன்ட் சார்! தமிழ்நாட்டிலேயே ஃபர்ஸ்ட்!"

சொன்னவர் மனை புரோக்கர். சொன்ன இடம், காஞ்சிபுரத்தைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகு வந்த ஒரு முன்னாள் நெல் வயல். கலர் கலராகக் கொடிகள். நட்ட நடுவில் ஓர் ஆர்ச். ஆர்ச்சுக்குப் பின்னால் வெறும் ஆகாயம். என் கையில் ஒரு கூல்டிரிங்க் பாட்டிலைத் திணித்துவிட்டு, வழவழ காகிதத்தில் அச்சடித்த நோட்டீஸை விரித்தார். 'காஞ்சிபுரம் மாவட்டம் - மக்கள்தொகை வளர்ச்சி 39 சதவிகிதம்! இன்றே முந்துங்கள்!'

"நாங்க சொல்றது இல்லை சார், கவர்மெண்ட் கணக்கு. சென்சஸ்! ஜனங்க வந்து குமியறாங்க. ஜனம் வந்தா வீடு வேணும். வீடு வேணும்னா மனை வேணும். மனை எங்கே? இதோ!" என்று ஆகாயத்தைக் காட்டினார்.

எனக்கு ஒரு பலவீனம். ஜாங்கிரியைக் கண்டால் சிலர் மயங்குவார்கள். நான் பி.காம்.; சதவிகிதத்தைக் கண்டால் மயங்குவேன். அதிலும் அரசாங்க சதவிகிதம்! சட்டைப் பையில் செக் புத்தகம் இருந்தது. கை அந்தப் பக்கம் போயும் விட்டது.

காப்பாற்றியது என் மனைவி. "என்னங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் விடுற நேரம்" என்றாள். பெரிய தத்துவங்கள் எல்லாம் இந்த மாதிரி சாதாரண வாக்கியங்களில்தான் வரும்.

*

நாங்கள் வீடு தேடிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒரு நெசவாளர் தெருவில் வாடகைக்கு இருந்தோம். ஒரே வீட்டில் அம்மா, அண்ணன் குடும்பம், என் குடும்பம், அப்புறம் ஒரு தறி. தறியையும் குடும்பத்தில் ஓர் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். எங்கள் எல்லோரையும்விட அதிக இடம் அதற்குத்தான்! அப்பா நெய்த தறி. இப்போது அண்ணன் நெய்கிறார். அம்மாவுக்கு எழுபது வயசு, இன்னமும் தார் சுற்றிக் கொடுக்கிறாள். நான் தறிக்குழியில் இறங்காமல் தப்பித்து, பட்டுக்கடைகளுக்குக் கணக்கெழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கும் எழுதுகிறவன்.

வீட்டுக்காரர் தன் பையனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் கேட்டார். இனி வாடகை வேண்டாம், வாங்கியே விடுவது என்று முடிவு. கையிருப்பு 12 லட்சம். அதில் மனைவியின் நகை, அண்ணியின் நகை, அண்ணனின் சேமிப்பு எல்லாம் அடக்கம். மேற்கொண்டு 25 லட்சம் கடன். எட்டரை சதவிகித வட்டி, இருபது வருஷம் என்று போட்டுப் பார்த்தேன். மாசத் தவணை சுமார் 21,700 ரூபாய். முழுசாகக் கட்டி முடிக்கும்போது 52 லட்சம் போயிருக்கும். அதாவது வீட்டுக்கு 25, வட்டிக்கு 27. இந்தக் கணக்கில் ஒரு தப்பு செய்தால், திருத்த இன்னொரு ஜென்மம்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே அன்று ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, அந்த 39 எங்கிருந்து வந்தது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

*

புரோக்கர் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயமே!

2001-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 28,77,468. 2011-ல் 39,98,252. வளர்ச்சி 39 சதவிகிதம். மொத்தத் தமிழ்நாடும் அந்தப் பத்து வருஷத்தில் 15.6 சதவிகிதம்தான் வளர்ந்தது. மாவட்டங்களில் காஞ்சிபுரம்தான் முதலிடம். எல்லாம் நிஜம்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். காஞ்சிபுரம் நகராட்சி: 2001-ல் 1,53,140 பேர். 2011-ல் 1,64,384 பேர். வளர்ச்சி...? கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினேன். 7.3 சதவிகிதம்! அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் இன்னும் மோசம்; 1991-ல் 1,44,955 ஆக இருந்தது, ஆறு சதவிகிதம்கூட ஏறவில்லை.

மாவட்டம் 39, மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய ஊர் 7. அப்படியானால் அந்த ஜனமெல்லாம் எங்கே போய்க் குமிந்தது?

தாம்பரத்தில். பல்லாவரத்தில். ஆலந்தூரில். சோழிங்கநல்லூரில். சென்னையின் தெற்கு ஓரம் முழுக்க அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்! பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்த பையன், வேளச்சேரி தாண்டி ஃப்ளாட் பிடித்தால், அவனும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரன். அவன் ஜென்மத்தில் காமாட்சியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் எங்கள் புரோக்கரின் நோட்டீஸில் அவன் தலையும் ஒரு தலை.

இன்னொரு வேடிக்கை. அந்த மாவட்டமே இப்போது இல்லை. ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போயின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே 2011 கணக்கைப் புது எல்லைப்படி பங்கு போட்டால், செங்கல்பட்டுக்குச் சுமார் இருபத்தைந்தரை லட்சம் பேர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பதினொன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பாகப்பிரிவினையில் ஜனத்தையெல்லாம் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான், அண்ணனுக்குப் பெயர் மட்டும் மிச்சம். அந்தப் பெயரும் ரொம்பப் பழசு இல்லை, சார்! 1997-ல்தான் இந்த மாவட்டத்துக்குக் காஞ்சிபுரம் என்ற பெயரே வந்தது.

காலையில் புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"நீங்க சொன்ன 39 எந்தக் காஞ்சிபுரம், சார்?"

கொஞ்ச நேரம் மௌனம். "சார், காஞ்சிபுரம் எத்தனை சார் இருக்கு?"

"பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், பழைய மாவட்டம், புது மாவட்டம், நகராட்சி, மாநகராட்சி... ஆறு இருக்கு."

"உங்களுக்கு எதுக்கு சார் வீடு? காலேஜ்ல வாத்தியார் வேலைக்குப் போங்க" என்று வைத்துவிட்டார். மறுநாள் விடாமல் கூப்பிட்டு அடுத்த சீட்டை இறக்கினார்: பரந்தூர் விமான நிலையம். அது 2022-ல் அறிவிக்கப்பட்டது, நிஜம்தான். அதே 2022-லிருந்து ஏகனாபுரத்து ஜனங்கள் எங்கள் வீட்டையும் வயலையும் எடுக்காதீர்கள் என்று போராடுவதும் நிஜம்தான். ஒருத்தர் மனை வாங்கச் சொல்கிற அதே காரணம், இன்னொருத்தர் மனையை இழக்கிற காரணம். நோட்டீஸில் இரண்டாவது பாதியை அச்சடிக்க இடம் போதவில்லை போலிருக்கிறது.

*

இதற்குள் எனக்குப் புள்ளிவிவரப் பித்தம் தலைக்கேறிவிட்டது. 2011 கணக்கில் நகரத்தை வார்டு வார்டாகப் பிரித்தே தகவல் கிடைக்கிறது. எத்தனை குடும்பம், எத்தனை ஆண், எத்தனை பெண், ஆறு வயசு வரை எத்தனை குழந்தை, எத்தனை பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், எத்தனை பேர் என்ன வகை வேலை... எல்லாம் வரிசையாக. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் போய்ப் பிடிக்கிறார்களா, தூரத்திலிருந்து தூக்கி வருகிறார்களா என்பதுகூட உண்டு. நகரத்தில் நூறு மீட்டருக்குள் என்றால் 'பக்கத்தில்', அதைத் தாண்டினால் 'தூரத்தில்'. குடம் தூக்குகிறவளைக் கேட்டால் ஐம்பது மீட்டரே தூரம் என்பாள், அது வேறு.

இந்த வியாதி நம் ஊருக்குப் புதுசு இல்லை. 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் இரண்டாயிரம் ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். அதற்கும் வெகு முன்னால், கி.பி. 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறதே, குடவோலை முறைத் தேர்தல்! அதில் நிற்க என்ன தகுதி என்று பாருங்கள்: வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயசு 35-க்கு மேல் 70-க்குள். படித்துக் காட்டினேன். "வயசு ஒண்ணு சரியா இருக்கு" என்றாள் மனைவி.

கணக்கில் தோண்டத் தோண்ட, வீடு வாங்குகிறவனுக்கு உபயோகமான சங்கதிகள் சில அகப்பட்டன. அதில் முக்கியமானது 'குடும்பம்'.

வீடு வாங்குவது தலைகள் இல்லை, குடும்பங்கள். சென்சஸில் குடும்பம் என்றால் என்ன தெரியுமா? ரத்த பந்தம் இல்லை, ரேஷன் கார்டு இல்லை. சாதாரணமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவ்வளவுதான்! ஒரே கூரைக்குக் கீழே மாமியாரும் மருமகளும் கோபித்துக்கொண்டு அடுப்பைப் பிரித்தால், மறுநாள் அது இரண்டு குடும்பம்.

தமிழ்நாட்டில் 2001-க்கும் 2011-க்கும் நடுவில் ஜனத்தொகை ஏறியது 15.6 சதவிகிதம் என்றேன். வீட்டுப் பட்டியலில் குடும்பங்கள் ஏறியது? ஒரு கோடியே 42 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 85 லட்சத்துக்கு - 30 சதவிகிதம்! பிள்ளை பிறப்பதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அடுப்பு பிரிந்திருக்கிறது. காஞ்சிபுரம் நகரத்தில் 2011-ல் 41,800 சொச்சம் குடும்பங்கள். வீட்டுக்கு நான்கு பேர்கூடத் தேறவில்லை. ஏழு சதவிகிதமே வளர்ந்த ஊரில்கூட வாடகை வீடு சுலபத்தில் கிடைக்காததற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

சரி, அப்படியானால் அடுப்பு பிரிந்துகொண்டே போகும், வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்று குதிக்க வேண்டாம். அடுத்த பத்தியில் குழந்தைகள் எண்ணிக்கை இருக்கிறது. நகரத்தில் ஆறு வயசுக்குட்பட்டவர்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் 1.4 என்று 2020-ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. இரண்டு பேர் இடத்தை நிரப்ப இரண்டு பேருக்குமேல் வேண்டும். வருவது ஒன்றரைக்கும் குறைவு. என் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வழியில் ஒரு வீடு, அம்மா வழியில் ஒரு வீடு, நாளைக்குக் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை வழியில் இரண்டு. ஒரு சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

சிரிக்காதீர்கள். ஜப்பானில் இதுதான் நடக்கிறது. 2023 கணக்குப்படி அங்கே 90 லட்சம் வீடுகள் காலி. நூற்றுக்குப் பதினாலு வீட்டில் ஆள் இல்லை. நம் நாட்டிலும் 2011-லேயே நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆக, விற்று லாபம் பார்க்கலாம் என்று வாங்குகிறவர் முப்பது வருஷம் கழித்து வாங்க யார் இருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும். தொழிற்சாலையை நம்பி வருகிற ஜனமும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் ஓட ஆரம்பித்து 2014 நவம்பரில் நின்றது. எட்டு வருஷம். வீட்டுக் கடனோ இருபது வருஷம்.

*

இத்தனையும் படித்த நான் என்ன செய்தேன்? வார்டுக்கு மார்க் போட்டேன்! தண்ணீருக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, குழந்தைகளுக்கு இத்தனை என்று கட்டம் கட்டி, விலைக்கு வந்த மூன்று வீடுகளை வரிசைப்படுத்தினேன். முதல் மார்க் வாங்கிய வீட்டைக் குடும்பத்தோடு பார்க்கக் கிளம்பினோம். ஐப்பசி மாசம், விடாத மழை.

வீடு அழகாக இருந்தது. மொசைக் தரை, கொல்லையில் கிணறு, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். எனக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கை துறுதுறுத்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கூடத்தைக் காலால் அளந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே தறிச் சத்தம் இல்லை. திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, மழைக்குக் குழியில தண்ணி ஊறுதுங்களா?"

பெரியவர் சிரித்தார். "ஊறுதாவா? மீனு வளர்க்கலாம்பா. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் தறி ஓடாது. வாளியால எறச்சிகினே இருக்கணும்."

எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. குழித்தறி என்றால் நெய்கிறவர் காலைத் தரைக்குள் தொங்கவிட்டு மிதிக்கிற தறி. குழியில் தண்ணீர் வந்தால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் தவணையில் அண்ணன் பங்கு இல்லை. என் கட்டங்களில் குடிக்கிற தண்ணீர் எவ்வளவு தூரத்தில் என்று இருந்தது. குழியில் ஊறுகிற தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் என்று இல்லை.

வீட்டுக்கு வந்து திரும்பவும் அந்தப் பட்டியலை எடுத்தேன். 'வீட்டுத் தொழில்' என்று ஒரு பத்தி. இதுநாள்வரை கண் அதில் படவே இல்லை. நகரத்தில், வீட்டுக்குள்ளேயே வைத்துக் குடும்பத்தார் செய்கிற தொழிலுக்குத்தான் அந்தப் பெயர். அதாவது, எங்கள் அண்ணன்! எந்த வார்டில் அந்த எண்ணிக்கை அதிகமோ, அங்கே வீட்டுக்குள் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அதிகம். காஞ்சிபுரத்தில் அது பெரும்பாலும் தறிதான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறி இருக்கிற தெருவில்தான் விடியற்காலையில் பாவை நீளமாக இழுத்துக்கட்டி வேலை செய்ய இடம் விடுவார்கள். கார் வைத்திருக்கிறவர் ஹாரன் அடிக்க மாட்டார். தறிச் சத்தம் கேட்டு யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? அந்தப் பத்தியில் எண்ணிக்கை அதிகமான வார்டுகளுக்கு 'வசதி குறைவு' என்று மார்க் குறைத்திருந்தேன்! தறிக்குழியில் இறங்காமல் தப்பித்தவன் புத்தி.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. மார்க்கை மட்டும் திருத்தினேன். கடைசியில் இருந்த வீடு முதலுக்கு வந்தது.

*

அந்த மூன்றாவது வீட்டையும் சும்மா வாங்கிவிடவில்லை. மழை விடுவதற்குள்ளேயே இரண்டு தடவை போனோம். விடியற்காலை ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. 2015 நவம்பர் மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று இரண்டு பக்கத்து வீட்டிலும் கேட்டோம். திருவிழாக் கூட்டம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று விசாரித்தோம். இது காஞ்சிபுரத்தில் ரொம்ப முக்கியம். 2019-ல் அத்திவரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது சுமார் ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள். ஒன்றரை லட்சம் பேர் என்று கணக்கில் எழுதியிருக்கிற ஊருக்கு! சென்சஸ் எண்ணுவது குடியிருக்கிறவர்களை. வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போகிறவர்களை இல்லை. அத்திவரதர் இனி 2059-ல்தான். ஆனால் வைகாசிக் கருடசேவை வருஷா வருஷம் வரும்.

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டினோம். பட்டாவில் பழைய சொந்தக்காரர் பெயரே இருந்தது. அதை மாற்றி வந்த பிறகுதான் முன்பணம். கேட்ட விலை என் கணக்குக்கு ஒன்றரை லட்சம் மேலே. பேரத்தில் எனக்குக் கைகொடுத்தது அந்த 7.3 சதவிகிதம்தான். "இப்பவே முடிச்சிடுங்க, நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்று விற்கிறவர் அவசரப்படுத்தும்போது, இருபது வருஷத்தில் பதிமூன்று சதவிகிதம் வளர்ந்த ஊரில் நாளைக்கே யாரும் வந்து விழப்போவதில்லை என்ற தைரியத்தில் பத்து நாள் பேசாமல் இருந்தேன். எண்பதாயிரம் குறைந்தது. சதவிகிதத்தைப் படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே ரொக்க வருமானம் அது.

நீங்களும் வீடு பார்க்கிறவராக இருந்தால், யாராவது மக்கள்தொகை என்று ஆரம்பித்தால் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. எந்த எல்லை? மாவட்டமா, நகரமா, வார்டா? பெயர் ஒன்றாக இருந்தால் இடம் ஒன்று என்று அர்த்தமில்லை.

2. எந்த வருஷம்? நமக்குக் கையில் இருக்கிற முழு விவரம் 2011-ல் எடுத்தது. அதில் ஐந்து வயசுக் குழந்தை இன்று ஓட்டுப் போடுகிறது.

3. எல்லை நடுவில் மாறியதா? காஞ்சிபுரம் 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு செவிலிமேடு, ஓரிக்கை போன்ற பகுதிகளைச் சேர்த்துக்கொண்டது. 2021-ல் மாநகராட்சியும் ஆனது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அந்த எண் வெளியாகும்போது 'நகரம் அபார வளர்ச்சி' என்று ஒரு நோட்டீஸ் கட்டாயம் வரும். ஒரு குழந்தைகூடப் பிறக்காமல், கோட்டை நகர்த்தியே ஊரை வளர்க்கலாம். பழைய எல்லைக்குப் பழைய எல்லையை ஒப்பிட்டால்தான் நியாயம்.

4. தலையா, குடும்பமா? வீட்டுக்குத் தேவை இருக்கிறதா என்று பார்க்கக் குடும்ப எண்ணிக்கை. பள்ளிக்கூடத்துக்குக் குழந்தை எண்ணிக்கை. உங்கள் தொழிலுக்கு வேலை பற்றிய பத்திகள்.

5. இந்தப் பட்டியலில் இல்லாதது என்ன? அதை மழைநாளில் எதிர்வீட்டுத் திண்ணையில் கேளுங்கள்.

புரோக்கரின் 39-ஐ நம்பியிருந்தால் வயலில் ஒரு ஆர்ச்சுக்குப் பின்னால் இருந்திருப்போம். தறி தார்ப்பாய்க்குள் இருந்திருக்கும். என் மார்க்கை மட்டும் நம்பியிருந்தால் மொசைக் தரையில் வாளியோடு நின்றிருப்போம். எண் பொய் சொல்லவில்லை, இரண்டு தடவையும். நாங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

*

தை பிறந்து பால் காய்ச்சினோம். பழைய ஓட்டு வீடு, நீளமான கூடம். அண்ணன் இரண்டு நாள் முன்னாலேயே வந்து குழி வெட்டிவிட்டார். குழி காய்ந்து கிடந்தது. அம்மா குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தாள். எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு.

சமையலறை வாசலில் எனக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருந்தது. இந்த வீட்டில் கொல்லைப்பக்கம் இன்னொரு சின்ன அறையும் இருக்கிறது. மேடை, குழாய் எல்லாம் உண்டு. அண்ணி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். என் மனைவியும் ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு பால் பாத்திரம்.

அடுத்த சென்சஸ்காரர் வந்து கதவைத் தட்டினால் இந்த வீட்டுக்கு ஒரு குடும்பமா, இரண்டு குடும்பமா? தமிழ்நாட்டின் முப்பது சதவிகிதம் என் கண்ணெதிரே ஏறப் போகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தறிக்குழியைப் பார்த்தபடியே, திரும்பாமல் சொன்னாள்:

"அந்தச் சின்ன ரூம்ல பாவு நூலை வெச்சிக்கலாம். ஈரம் படாது."

இரண்டு பாத்திரத்துப் பாலும் ஒரே பாத்திரத்தில் விழுந்து, ஒரே அடுப்பில் பொங்கியது. மனைவி என் பக்கம் வந்து காதோடு சொன்னாள்:

"இப்போதைக்கு ஒண்ணுன்னே எழுதிக்குங்க."